மூணாம் தண்ணி

"காலைக் கழுவாம உள்ள வரச் சொல்றியே, இது இன்னா மாட்டுக் கொட்டாயா?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள் பாட்டில் கழுவும் நாகம்மாள்.

"தாயே, கழுவாதேன்னு சொல்லலை. இங்க கழுவாதே. பின்னால முதலாளி வீட்டுக் குழாயில போய்க் கழுவு" என்று கெஞ்சினார் சூப்பர்வைசர் செபாஸ்டியன்.

காரணம் இருந்தது. நசரத்பேட்டை ஷபானா கலர் கம்பெனியின் பன்னீர் சோடா, மெட்ராஸில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் அந்த ஓட்டலுக்குப் புதிதாக ஒரு பைத்தியம். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடையில் ஊரே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பாட்டில் சோடாவுக்கு எத்தனை தண்ணீர் செலவாகிறது என்று அளந்து பார்த்துத்தான் வாங்குவார்களாம். அதற்காக நேற்று பிளம்பர் நூர் முகமது மேல்தொட்டிக்குக் கீழே குழாயில் ஒரு மீட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் ஓட்டலிலிருந்து நாகவல்லி என்ற அம்மாள் வந்து பார்ப்பார்.

முதலாளி ஷவுகத் அலி பாய், குடும்பத்தோடு பூந்தமல்லிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

"செபாஸ்டின், இந்த ஆர்டர் கிடைச்சா மழைக்காலத்துலயும் கம்பெனி ஓடும். இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான். நீயும் வேற இடம் பாத்துக்க."

கோவில்பதாகையில் பாதி கட்டி நிற்கும் வீடும், மனைவி ஹில்டாவின் முகமும் கண்முன் வந்தன.

அப்போதுதான் செபாஸ்டியனுக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. மேல்தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் இறங்கி மண்ணுக்குள் போகின்றன. ஒன்று கம்பெனிக்கு, மற்றது பின்னாலிருக்கும் முதலாளி வீட்டுக்கு. வீட்டில் ஈ காக்கை இல்லை. அந்தக் கொல்லைக் குழாயில் எவ்வளவு கொட்டினாலும் கம்பெனி கணக்கில் வராதே!

கால் கழுவுவது, கை கழுவுவது, டீ டம்ளர் கழுவுவது எல்லாம் கொல்லைக்குப் போயின. செபாஸ்டியன் நிம்மதியாக வந்து மீட்டரைப் பார்த்தார். முள் நகர்ந்திருந்தது.

'இதெல்லாம் இல்லாமலேயே இவ்வளவா?' என்று திடுக்கிட்டு உள்ளே ஓடினார்.

"நாகம்மா, மூணாம் தண்ணியை நிறுத்து!"

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு பாட்டிலும் சோடாக்காரம் கலந்த தண்ணீரில் ஊறி, பிரஷ் போட்டுத் தேய்க்கப்பட்டு, கடைசியில் நல்ல தண்ணீரில் அலசப்படும். அந்தக் கடைசி அலசல்தான் மூணாம் தண்ணி.

"மூணாந்தண்ணி காட்டாத பாட்டிலை என் கையால குடுக்க மாட்டேன். உன் ஊட்டுப் புள்ள குடிக்குமா அதை?" என்றாள் நாகம்மாள்.

"சரி, அதையும் முதலாளி வீட்டுக் குழாயிலயே அலசிடு."

பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள் கொல்லைக்குப் போயின. திரும்பி வந்து பார்த்தால் முள் நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க! ஊறல் தொட்டி, பிரஷ், காரம் எல்லாம்!" என்று கத்தினார் செபாஸ்டியன்.

"கலர் கம்பெனியே குடி போவுது" என்று சிரித்தாள் நாகம்மாளோடு கழுவும் புஷ்பா.

கம்பெனிக்குள் சோடா நிரப்பும் மிஷின் மட்டும் மிஞ்சியது. மீட்டர் முள்ளோ ஃபேன் மாதிரி சுற்றியது. மனுஷன் மீட்டரைத் தட்டினார், அதட்டினார், கடைசியில் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். மாதா கேட்டாளோ இல்லையோ, முள் கேட்கவில்லை.

சாயங்காலம் பாயோடு வந்து இறங்கிய நாகவல்லி, மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"ஒரு பாட்டில் சோடாவுக்கு எட்டு பாட்டில் தண்ணி."

பாயின் முகத்தில் கல்யாண பிரியாணியின் களை போய்விட்டது.

"அம்பத்தூர்லயும் ஆவடியிலயும் மூணு கம்பெனி பாத்துட்டு வர்றேன். மூணு பேரும் ஒன்னரை பாட்டில்னு காட்டறாங்க. அதுல ஒரு பாட்டில் தண்ணி சோடாவுக்குள்ளயே போயிடுது. மிச்சம் அரையில எப்படிக் கழுவறாங்க, ஊதியா?" என்றார் நாகவல்லி. "கழுவற தண்ணியை எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டு என்கிட்ட படம் காட்டறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒளிக்காம காட்டியிருக்கீங்க. கடைசி அலசல் தண்ணியைப் பிடிச்சு அடுத்த பெட்டிக்கு முதல் தண்ணியா விடுங்க, செலவு தானா குறையும். ஆர்டர் உங்களுக்குத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று செபாஸ்டியனைக் கட்டிக்கொண்டார் பாய். "நம்ம ஆளுக்குப் பொய்க் கணக்கே வராதும்மா!"

முந்தானை சொட்டச் சொட்ட நின்ற நாகம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். செபாஸ்டியனுக்கு அப்பாடா என்றிருந்தது. மீட்டர் ஏன் அப்படிப் பேயாட்டம் ஆடியது என்று மட்டும் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும், வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம்.

கார் போனதும், ஸ்பேனரோடு சைக்கிளில் வந்து இறங்கினான் நூர் முகமது. செபாஸ்டியனைத் தொட்டிப் பக்கம் இழுத்துப்போய்க் காதோடு சொன்னான்:

"அண்ணாத்தே, பாய்கிட்ட சொல்லிடாதே. கம்பெனி பைப்பு துரு புடிச்சு, கை வெச்சா உடைஞ்சுக்கும் போல இருந்துச்சா, அதான் நேத்து மீட்டரை பாய் ஊட்டு பைப்புல மாட்டிட்டுப் போயிட்டேன். ஊட்டுல வேற யாரும் இல்ல, இன்னிக்கு உன் கணக்குல ஒரு சொட்டுகூட ஏறியிருக்காதே, அந்தம்மாகிட்ட இன்னாத்தைக் காட்டினே?"