சரக்கக்காவும் எங்கள் ஆராய்ச்சியும்

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். சரக்கக்கா கொடுத்த கஷாயத்தைக் குடித்தவர்கள் ஒரு வகை. குடித்துவிட்டோம் என்று அவரிடம் பொய் சொன்னவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் மாட்டிக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை.

அவர் யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். போருக்குத் தப்பி நியூசிலாந்து வந்து, இங்குள்ள பரீட்சையில் தேறும்வரை வார்டில் உதவியாளராக வேலை பார்த்தார். நான் மதுரையிலிருந்து வந்தவள். அதே ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் உதவியாளர். பிரசவத்துக்குப் பிறகு தாய்மார்கள் எப்படி இருக்கிறார்கள், நர்ஸுகளின் கவனிப்பு எவ்வளவு உதவுகிறது, வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் என்னென்ன மூலிகை சாப்பிடுகிறார்கள் என்று படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் கேட்டு வருவதுதான் என் வேலை.

சேர்ந்த முதல் வாரம். வராந்தாவில் ஒரு குள்ளமான பெண்மணி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தங்கச்சி, ஆறாம் கட்டில் பிள்ளைக்குச் சரக்குக் குடுக்கவேணும். பெரிய நர்ஸுக்கு உந்த மணம் பிடிக்காது, கொஞ்சம் வாசலைப் பார்த்துக்கொள்."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "பிள்ளை பெத்தவளுக்குச் சரக்கா?"

"ஓம், பின்ன? பெத்தவளுக்குத்தானே குடுக்கிறது. உங்கட ஊரில குடுக்கிறேல்லையே?"

"எங்க ஊர்ல ஆம்பளைங்கதாங்க அடிப்பாங்க."

"ஆம்பிளையளோ? அவங்கள் என்னத்தைப் பெத்தவங்கள்?"

அவர் பையைத் திறந்து காட்டிய பிறகுதான் என் உயிர் திரும்பியது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், திப்பிலி, சுக்கு. எல்லாம் வறுத்து இடித்தது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் சரக்கு. விஷயத்தை நான் எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லிச் சிரிக்க, அன்றிலிருந்து அவர் சரக்கக்கா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். மருந்துச் சீட்டைப் பார்க்காமல், டாக்டரிடம் கேட்காமல் ஒரு சொட்டுக் கஷாயம் கொடுக்கமாட்டார். அந்த விஷயத்தில் முழு நர்ஸ். மற்ற விஷயங்களில்தான் சிக்கல்.

ஒருமுறை அக்கா சென்னை போய்விட்டு வந்தபோது, விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மூலிகையும் வேருமாகப் பாதிக் காடு இருந்தது. இந்த நாட்டுக்குள் இதெல்லாம் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டே, "இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பதிலுக்கு, "உனக்குப் பிள்ளை இருக்கே?" என்றிருக்கிறார். மூன்று வாரக் குழந்தை இருந்தது. வீட்டில் மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள் என்று அவர் சொல்ல, பின்னால் வரிசை வளர வளர, அங்கேயே விசாரணை நடந்தது. யார் யாரை விசாரித்தார்கள் என்பது தெளிவில்லை. அக்கா பெட்டி காலியாக வெளியே வந்தார். அதிகாரி ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் செய்முறையை எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு அக்கா ஆக்லாந்திலேயே, ஒனிஹங்கா பகுதியில் ஒரு கடையில் சரக்கு வாங்கினார். அவர் முகர்ந்து பார்க்கும் முறையைப் பார்த்துக் கடைக்காரரே பழைய மிளகை உள்ளே ஒளித்துவைப்பார்.

எங்கள் பேராசிரியை ஆங்கிலேயப் பெண்மணி, நல்லவர். அக்காவை ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு அழைத்து, "இந்தக் கஷாயத்தில் வேலை செய்வது எந்தப் பொருள்?" என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்கிறா?"

"எதனால குணமாகுதுன்னு கேக்கறாங்க."

"அரைக்கிற மனுசியாலதான். ஒருத்தி தனக்கெண்டு பக்கத்தில இருந்து அரைச்சுத் தந்தாலே பெத்தவளுக்குப் பாதிச் சுகம். சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியை பேனாவை மூடிவைத்துவிட்டார்.

படிவங்களின் கதை வேறு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு முக்கால்வாசித் தாய்மார்கள் "மிக நன்று" என்று குறி போட்டார்கள். அதே தாய்மாரிடம் அக்கா போய், தன் உடைந்த ஆங்கிலத்தில், "கடைசியாக எப்போது தலை வாரினாய்?" என்று கேட்பார். டோங்கா தீவிலிருந்து வந்த ஒரு பெண் அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் அழுதாள். படிவத்தில் அவளும் "மிக நன்று"தான்.

பிறகு எனக்கே மகள் பிறந்தாள். லின்ஃபீல்டில் வீடு. கணவருக்கு மனுகாவில் வேலை, இருட்டியபின்தான் வருவார். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. குளிர்காலம், விடாத மழை. ஆறாவது வாரம் என் ஆராய்ச்சியின் படிவம் எனக்கே வந்தது. நான் விடுப்பில் இருந்ததால், கொண்டுவந்தவர் சரக்கக்கா. நான் எல்லாக் கேள்விக்கும் "மிக நன்று" போட்டுக் கொடுத்தேன்.

அக்கா படிவத்தைப் பார்த்தார். மூடிய திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உந்தப் பேப்பரை ஆருக்கு எழுதினனி?"

"ஆராய்ச்சிக்குத்தாங்க்கா."

"எப்ப தலை இழுத்தனி?"

தலைக்குக் கை போனது. உள்ளறையில் குழந்தை அழ ஆரம்பித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா அழுதா எனக்கு ஒண்ணுமே தோணலைக்கா" என்றேன். "யார் வீட்டுப் பிள்ளையோ அழற மாதிரி இருக்கு."

இந்த வார்த்தைகளை நான் அதுவரை கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். இல்லையென்றால் கஷாயப் பிளாஸ்க்கைத் திறப்பார். பிளாஸ்க் அவர் பையில் இருந்தது. அவர் தொடவில்லை.

"இதுக்கு என்ர சரக்குக் காணாது, பிள்ளை. டொக்டரிட்டப் போவம். எழும்பு."

குழந்தையைத் தூக்கிவந்து, என் தலையை அவரே வாரிப் பின்னி, எங்கள் இருவரையும் தன் பழைய காரில் ஏற்றினார். ஐம்பது வயதில் ஓட்டப் பழகியவர். இரண்டாவது கியருக்கு மேல் போனதில்லை. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். "இந்த ஊர்ச் சனத்துக்கு என்ன அவசரம்?" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா அழு, நான் மெதுவாத்தான் ஓடுறன்" என்றார்.

டாக்டர் மாத்திரை எழுதினார், வாராவாரம் ஒருவரிடம் போய்ப் பேசச் சொன்னார். கஷாயமும் கொடுக்கலாமா என்று அக்கா பிளாஸ்க்கை அவர் மேஜையில் வைத்தார். டாக்டர் முகர்ந்து பார்த்து, தும்மி, சரி என்றார். இரண்டு மாதம் தினமும் வேலை முடிந்து பஸ்ஸிலோ காரிலோ அக்கா வந்தார். சமைத்தார், மகளைக் குளிப்பாட்டினார், என்னைத் தூங்கவிட்டார். ஒருநாள் மகள் அழுதபோது, அவர் எழுவதற்கு முன்பே நான் ஓடிப்போய்த் தூக்கியிருந்தேன். அக்கா அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மிளகு நெடி என்றார்.

தலை வாரும் கேள்வியைப் பேராசிரியை படிவத்தில் சேர்த்தார். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். அக்காவே ஆஸ்பத்திரி நூலகத்துக்குப் போய், இருந்த அத்தனை பிரதிகளிலும் பேனாவால் திருத்திவிட்டு வந்தார்.

பரீட்சையில் தேறிச் சில வருடம் நர்ஸாகவே வேலை பார்த்தார். ஓய்வுபெற்றதும் டொரொண்டோவுக்குப் போய்த் தம்பி குடும்பத்தோடு தங்கிவிட்டார். இப்போது காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் நான் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, யாரோடு சண்டை என்று கேட்பார்.

"அக்காவோட பேசிட்டிருக்கேன்" என்பேன். கூடப்பிறந்தவரா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.