பாயா அண்ணையின் மூக்கு

லண்டனில், தேம்ஸ் நதிக்கு இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ, பாயா அண்ணையின் மூக்கிடம் பொய் சொல்லித் தப்பிய சட்டி என்று ஒன்று கிடையாது. இதை நான் சொன்னால் கொஞ்சம் பெறுமதி உண்டு. கவுன்சிலில் உணவுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உணவகங்களின் வாசற்கதவில் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை இலக்கம் போட்டு ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அந்த இலக்கங்களைத் தீர்மானித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு வெப்பமானி வேண்டும், வெள்ளைக் கோட்டு வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையும் அதிகாரம் வேண்டும். அண்ணைக்கு இவை ஒன்றும் தேவைப்படவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்றபடியே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார்.

செவன் கிங்ஸில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. அவருடைய உண்மைப் பெயரைக் கேட்காதீர்கள். அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் சில வருடங்கள் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், ஃபாரஸ்ட் கேட்டில் மாலிக் பாய் என்ற லாகூர்க்காரரின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்தார். கீழே மாலிக் பாயின் மனைவி சமைத்தார். மணம் படியேறி மேலே வந்தது. அண்ணை படியிறங்கிக் கீழே போனார். புட்டும் சொதியும் அன்றைக்கே அவரை இழந்துவிட்டன. ஆட்டுக்கால் பாயா, ஹலீம், கடாய்க் கோழி என்று ஒவ்வொன்றாக அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டார். கடைசியாகக் கற்றது நிஹாரி.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிஹாரி என்பது எலும்போடு கூடிய இறைச்சியை ஒரு பகல் முழுக்கச் சிறு நெருப்பில் வேகவைத்து, கோதுமை மா கரைத்து ஊற்றித் தடிப்பாக்கி, மறுநாள் காலையில் நான் ரொட்டியோடு சாப்பிடும் கறி. பெருஞ்சீரகம், சுக்கு, திப்பிலி, சாதிக்காய் என்று நாட்டு வைத்தியரின் பெட்டி அரைவாசி அதற்குள் போகும். மாட்டிறைச்சியில் செய்வதுதான் முறை. அண்ணை ஆட்டிறைச்சியில் செய்தார். அது அவருடைய மனைவி சரோ அக்கா போட்ட நிபந்தனை.

சரோ அக்கா போட்ட இன்னொரு நிபந்தனை, மச்சம் மாமிசம் எதுவும் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது. அவர் பிறந்ததிலிருந்தே சைவம். ஆர்ச்வே முருகன் கோயிலில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆகவே அண்ணை தோட்டத்து மூலையிலிருந்த மரக்கொட்டிலில் ஒரு காஸ் அடுப்பை வைத்து அங்கே குடியேறினார். மழை, பனி, எதுவும் அவரைத் தடுக்கவில்லை. கொட்டிலுக்கு நேரெதிரே குசினி ஜன்னல். அதை அடித்துச் சாத்துவதுதான் அக்காவின் வாழ்நாள் போராட்டம்.

ஒருமுறை இல்ஃபர்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருவரும் போனோம். வாசலில் சந்தனம் எடுக்கக் குனிந்த அண்ணை அப்படியே நிமிர்ந்தார்.

"இன்ஸ்பெக்டர், பிரியாணிக்கு நேற்றையான் எண்ணெய். வாரும், உள்ளுக்குப் போவம்."

"அண்ணை, நான் ரிட்டையர் பண்ணிட்டன். எனக்கு உள்ளுக்குப் போக அதிகாரம் இல்லை."

"மணக்கிறதுக்கு என்ன அதிகாரம்?"

உள்ளே போய்விட்டார். பின்னால் போன என்னைச் சமையல்காரர் பழைய பழக்கத்தில் அடையாளம் கண்டு வெலவெலத்தார். "ஐயா, இவர் உங்கட ஆளோ?" நான் பதில் சொல்வதற்குள் எண்ணெய் முழுவதும் மாற்றப்பட்டது. என் உத்தியோக காலத்தில் எந்த அறிவித்தலுக்கும் இத்தனை வேகமாக யாரும் பணிந்ததில்லை.

இன்னொருமுறை, கறிச்சட்டி நடுவில் எரியும் கரித்துண்டை வைத்து நெய் விட்டு, கறிக்குப் புகைமணம் ஏற மூடிவைத்தார். கொட்டிலிலிருந்து எழும்பிய புகையைப் பார்த்துப் பின்தெரு வெள்ளைக்காரப் பெண் தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார். தலைக்கவசத்தோடு வந்தவர்கள் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். அண்ணை கையை விரித்துச் சட்டிக்குக் குறுக்கே நின்றார். "நோ, நோ. ஃபைவ் மினிட்ஸ். இப்ப திறந்தால் மணம் போயிடும்." வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் தனியார் வீட்டுச் சமையலுக்குரிய விதிகளை அவர்களுக்கு விளக்கினேன். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு தட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வண்டி அதற்குப் பிறகு எங்கள் தெருவால் போகும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருடம் குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. இருமல், தடிமன், உடம்பு உளைவு. எழும்பி வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் நிஹாரி நீட்டினார்.

நான் ஒரு வாய் வைத்தேன். கசந்தது. வேப்பெண்ணெய்க்கு உறவுமுறையான ஒரு கசப்பு. அண்ணை தன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"அண்ணை, இதுக்குள்ள என்ன மா கரைச்சனீங்கள்?"

"வேற என்ன? கோதம்ப மா."

கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். சுவர்த் தட்டில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருந்தன. லண்டன் தமிழர் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்து நான் கண்டதில்லை. ஒன்றில் கோதுமை மா. மற்றதில் சரோ அக்கா புட்டு அவிப்பதற்கு ஊரிலிருந்து எடுப்பித்த ஒடியல் மா; குசினியிலிருந்து டப்பா மாறி வந்திருந்தது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்புப் போகப் பல முறை வடித்துத்தான் சமைப்பார்கள். அண்ணை நேரே அள்ளி நிஹாரிக்குள் கரைத்திருந்தார். ஒடியல் மாவின் மணம் எனக்கே பத்தடிக்கு அப்பால் தெரியும். அவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

நடைமுறைப்படி ஒரு சோதனை செய்தேன். பெருங்காய டப்பாவைத் திறந்து அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தேன்.

"என்ன இது, வெறும் டப்பாவோ?" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சலோட மூக்கும் போட்டுது, இன்ஸ்பெக்டர். ஒரு மணமும் இல்லை. வாய்க்குள்ள உப்பும் உறைப்பும்தான் கொஞ்சம் தெரியுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"காட்டினன். பொறுத்துப் பார்க்கட்டாம்."

அது சரியான நடைமுறைதான். ஆனால் அண்ணைக்குப் பொறுக்க நேரமில்லை. மாலிக் பாயின் கடைசி மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் காலை வீட்டில் எல்லோருக்கும் நிஹாரி. அதை அண்ணைதான் சமைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தாள். அவளுடைய தாய் இறந்து சில வருடமாகிவிட்டது.

"அந்த வீட்டிலை ஒருத்தருக்கும் அவவின்ர கறி வராது," என்றார் அண்ணை. "அவ கையைப் பிடிச்சுக் காட்டித் தந்தது எனக்கு மட்டும்தான். பிள்ளைக்குத் தாயின்ர சாப்பாடு வேணுமாம். நான் ஒடியல் கூழையோ கொண்டுபோய் வைக்கிறது?"

அவருடைய கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை வெங்காயத்தால்கூட அதைச் செய்ய முடிந்ததில்லை.

"அளவுகள் தெரியும்தானே, அண்ணை?"

"அளவோ? நான் எந்த நாள் அளந்தனான்? மூக்குத்தான் அளவு."

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "நான் சொல்லித் தாறன்."

கொட்டில் வாசலுக்கு ஆறடி தள்ளி, தலையில் குளிருக்குச் சால்வையும் நெற்றியில் மூன்று கோடும் மூக்கில் சேலைத் தலைப்புமாகச் சரோ அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நீரோ? நீர் இதை வாயிலை வைச்சதே இல்லையே!" என்றார் அண்ணை.

"வாயிலை வைக்கேல்லை. இத்தனை வருசமா மூக்கிலை வைச்சிருக்கிறன். அந்த ஜன்னலுக்குள்ளால உங்கட கறி வராத நாள் எது? எப்ப எது போட்டது, எது கூடினது, எது குறைஞ்சது, எல்லாம் எனக்குப் பாடம். வெள்ளிக்கிழமை மட்டும் கேக்காதையுங்கோ."

நல்ல காலம், சமைக்க வேண்டிய நாள் சனிக்கிழமையாக அமைந்தது. கொட்டிலுக்குள் அண்ணை. வெளியே தோட்டத்து நாற்காலியில் அக்கா, கையில் உருத்திராக்க மாலை. வேலியோரம் மேற்பார்வைக்கு நான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அக்கா சேலைத் தலைப்பை ஒரு விரற்கடை விலக்குவார்.

"பெருஞ்சீரகம் காணாது."

"இன்னும் ஒரு கரண்டியோ?"

"அரைக் கரண்டி. சுக்கு கூடிப்போச்சு. முருகா! அதுக்கு என்ன செய்வீங்களோ, செய்யுங்கோ."

பின்னேரமாகியது. இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றது. கோதுமை மாவும் கரைத்தாயிற்று. டப்பாவை நானே நக்கிப் பார்த்து உறுதி செய்திருந்தேன். இனி இறக்கும் பதம்தான் பாக்கி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அண்ணை கேட்டார்.

அக்கா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "அது... சரியான பதம் வந்தால் எனக்குக் குமட்டும். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்திலைதான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திறனான்."

அன்று பின்னேரம் செவன் கிங்ஸில் நடந்த உரையாடலைப் போல உலகத்தில் எந்தச் சமையலறையிலும் நடந்திருக்காது.

"குமட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"இப்ப?"

"கொஞ்சம் வயித்தைப் புரட்டுது. ஆனா காணாது."

"வடிவா மூச்சை இழும்!"

"இழுக்கிறன்தானேயப்பா! சும்மா விரட்டினால் குமட்டுமோ?"

நாங்கள் மூவரும் அந்தக் குமட்டலுக்காக, ரயிலுக்குக் காத்திருப்பதைப்போலக் காத்திருந்தோம். திடீரென்று அக்கா நாற்காலியிலிருந்து எழும்பினார். "வந்திட்டுது! நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அண்ணை அடுப்பை அணைத்தார். குசினி ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் அண்ணையின் முகத்தில் முதல் தடவையாக நம்பிக்கை தெரிந்தது.

இரவு ஆறவைத்துக் குளிரில் வைத்து, காலையில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, சட்டியை என் காரில் ஏற்றினோம். ஃபாரஸ்ட் கேட் போகும்வரை மடியில் வெப்பமானியோடு நான் பின்சீட்டில் இருந்தேன். விதி சொல்லும் அளவுக்குக் கீழே சூடு இறங்கவில்லை. காரை ஓட்டிய அண்ணைதான் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பிச் சட்டியைப் பார்த்தார். அக்கா முன்சீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே தலையை நீட்டியபடி வந்தார்.

மாலிக் பாயின் வீடு கல்யாணக் கூட்டத்தால் நிறைந்திருந்தது. அண்ணை முதல் கிண்ணத்தை மணப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, சுவரோடு சுவராக நின்றார். அவள் நானைப் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னொரு தடவை தோய்த்தாள். மெல்ல நிமிர்ந்து, ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அங்கிள், வழக்கம்போல உறைப்புக் கூட. அம்மா இருந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பார்."

சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள், சாப்பிட்டாள், கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள். மாலிக் பாய் தனக்குத் தெரிந்த ஒரே தமிழை எடுத்தார். "ஓம், ஓம், ஓம்," என்று சொல்லி அண்ணையைக் கட்டிப்பிடித்தார். நான் வெப்பமானியைச் சட்டைப்பையில் போட்டேன்.

அண்ணைக்குச் சந்தோஷம் வந்தால் உண்மையும் சேர்ந்து வந்துவிடும். "இது நான் வைச்சதில்லை. என்ர மிஸிஸ் வைச்சது!" என்று சபை நடுவே அறிவித்தார். பெண்கள் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அக்கா வெளிறிப்போய் என் காதுக்குள் சொன்னார். "தம்பி, கோயிலிலை மட்டும் ஆருக்கும் தெரிய வேண்டாம்." நான் வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றியும் இருக்கிறேன். சரோ என்பது அவருடைய பெயரே அல்ல. தவிரவும், அவர் பக்திப் பத்திரிகைகள் தவிர வேறெதுவும் வாசிப்பதில்லை.

ஆனால் மூக்கு வரவில்லை. பனி போனது, தோட்டத்தில் புல் வளர்ந்தது. அண்ணை கொட்டிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். தெருவில் கடைகளைத் தாண்டும்போது பேசாமல் தாண்டினார். எங்கள் வட்டாரத்து உணவகங்கள் நிம்மதியாகப் பழைய எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் அக்கா சாமிக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு அதை அப்படியே அண்ணையின் முகத்துக்கு நேரே நீட்டுவார். "ஏதும்?" "இல்லையப்பா." சாம்பிராணி திரும்பிப் போய்விடும்.

ஒரு காலை அண்ணை என் வீட்டுக்கு வந்தார். புல்வெட்டி இரவல் கேட்கத்தான் வந்தார். கதவைத் திறந்தேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றுவிட்டார். முகம் சுருங்கியது. மூக்கு இரண்டு தரம் அசைந்தது.

"இன்ஸ்பெக்டர்."

"என்ன, அண்ணை?"

"சீ! என்ன மனுசனப்பா நீர்? வீட்டுக்குள்ள ஈரச் சொக்ஸ் காயப்போட்டிருக்கிறீர். செத்த எலி மாதிரி நாறுது! ஊரிலை இருக்கிற கடையெல்லாம் போய்ச் சுத்தம் பார்த்த ஆளோ நீர்?"

சொன்னவர் சொன்ன வாயைத் திறந்தபடியே நின்றார். நானும் நின்றேன். அடுத்த கணம் இருவரும் வேலியைப் பார்த்து, "சரோ!" "அக்கா!" என்று ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் சாம்பிராணித் தட்டோடு ஓடிவந்தார்.

அவர்கள் போன பிறகு, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கிடந்த காலுறைகளைப் போய்ப் பார்த்தேன். சொக்ஸ் உண்மையிலேயே நாறத்தான் செய்தது. எடுத்துத் தோய்க்கப் போனேன். பிறகு, நாளைக்கும் அண்ணை வந்து ஒருதரம் திட்டிவிட்டுப் போகட்டும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டேன்.