மோட்டார் சௌக்கியமா?

திருவண்ணாமலையில் அந்தக் காலத்தில் இரண்டு வகைக் கும்பிடு இருந்தது. மலையைப் பார்த்ததும் போடுவது ஒன்று. சௌக்கியம் சார் சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் போடுவது இன்னொன்று. முதலாவது பக்தி. இரண்டாவதைப் போட்டவர் யாரிடமோ கைமாற்று வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

மாவட்டம் பிரிந்து, வேங்கிக்கால் பக்கம் அரசு அலுவலகங்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு. சம்பளப் பட்டியலில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. கூப்பிட்டால் அவரே திரும்பியிருக்க மாட்டார். ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் ஆகாதவர், கோயில் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் குடித்தனம். தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்க வாய் வராமல் முழிக்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் கதி. கமிஷன் கிடையாது. ஒரு டீ, ஒரு மசால் வடை, அவ்வளவுதான் கூலி.

அவர் பணத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். காலை ஆறு மணிக்குக் கடன் வாங்கியவர் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். "சௌக்கியமா?" என்பார். வீட்டில் உள்ளவர்கள், ஆடு மாடு, போன வருஷம் வந்த இருமல் என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்துவிட்டு, "சந்தோஷம்" என்று எழுந்து போய்விடுவார். நாலைந்து தடவை இப்படி விசாரிக்கப்பட்ட பிறகும் கடனைத் திருப்பிக் கொடுக்காதவர் ஊரில் யாரும் இல்லை.

ஏன் சார் நேராகக் கேட்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டா இல்லைனு சொல்லிடுவாங்க. சௌக்கியமானு கேட்டா எப்படி இல்லைனு சொல்லுவாங்க?" என்றார்.

என் முறையும் வந்தது. கீழ்பென்னாத்தூரில் இருந்த என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், கிணற்று மோட்டார் வாங்க என்னிடம் ஐயாயிரம் வாங்கியிருந்தார். மோட்டார் வந்தது, தண்ணீர் வந்தது, வேர்க்கடலை வந்தது, புதிதாக ஒரு டிவியும் வந்தது. பணம் மட்டும் வரவில்லை. எங்களையோ வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்த ஐயாயிரத்தை விட்டால் வேறு வழியில்லை. கேட்கலாம் என்றால் மனைவி கண்ணைக் கசக்கினாள். அக்காவோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடுமாம். நான் சௌக்கியம் சாருக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு, முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனார். சகலை, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், பசு என்று வரிசையாக விசாரித்தார். பிறகு தானாகவே கிணற்றடிக்கு நடந்து போய், மோட்டாரைக் குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போலத் தட்டிக் கொடுத்து, "மோட்டார் சௌக்கியமா?" என்றார். சகலைக்கு முகம் சுண்டிப்போனதாம். இரண்டாவது ஞாயிறு டிவி சௌக்கியம் விசாரிக்கப்பட்டது. படம் புள்ளி புள்ளியாக வருவதைக் கண்டு மனம் தாங்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிச் சரி செய்துவிட்டு வந்தார். மூன்றாவது ஞாயிறு வேர்க்கடலை மூட்டைகள். ஒவ்வொரு மூட்டை மேலும் கை வைத்துத் தனித்தனியாக விசாரித்தார். நான்காவது ஞாயிறு, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாளே சகலை எங்கள் வீட்டில் இருந்தார். கையில் பணம், தோளில் அரை மூட்டை வேர்க்கடலை.

"சகல, நல்லா எண்ணிப் பாத்துக்குங்க. அந்த மனுசன் மட்டும் இனிமே வர வேணாம். டீக்கடையில என்னப் பாத்தா மோட்டார் சௌக்கியமானுதான் கேக்குறாங்க. பஞ்சாயத்துத் தலைவரே கேட்டுட்டாரு."

அக்கா தங்கை உறவுக்கு ஒரு கீறல் விழவில்லை. இரண்டு வாரம் கழித்து மனைவியின் அக்காவிடமிருந்து தகவல் வந்தது. அந்த மனிதர் ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தார். காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டதாம்.

வேங்கிக்காலில் புது வீட்டுக்குப் போனோம். அதற்குப் பிறகு சௌக்கியம் சார் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். இரண்டு தோசை, ஒரு டம்ளர் காபி, கொஞ்ச நேரம் பேச்சு. வேறு யார் வீட்டுக்கும் அவர் இப்படிப் போக முடியாது. அவர் சைக்கிள் நின்ற வாசலைப் பார்த்து ஊர் கணக்குப் போட்டுவிடும். எங்கள் எதிர்வீட்டு அம்மாளே முதல் வாரம் என் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "எவ்ளோம்மா வாங்கினீங்க?" என்று கேட்டார். மனைவி, "ஒண்ணும் இல்லீங்க, அவரு சும்மா வர்றாரு" என்றாள். அவர் சும்மா வருகிற ஒரே வீடு என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள், நாள் கணக்குக்கு முன்னாலேயே. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எட்டாயிரம் கட்டச் சொன்னார்கள். நான் யாரிடம் போவது என்று நிற்கும்போதே சௌக்கியம் சார் வந்து பணத்தை என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். குழந்தை பிழைத்துத் தேறி வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, பத்து மாதம். அலுவலகத்தில் நான் எதிரே போனால் தபால் கட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். அலுவலகத்துக்கு எங்கள் தெரு வழியாகப் போனால் பக்கம். அவரோ சுற்றுவழியில் சைக்கிளை மிதித்தார். "ஊர்ல இருக்கிற மோட்டார எல்லாம் சௌக்கியமானு கேட்ட மனுசன், நம்ம புள்ளய ஒரு வார்த்த கேக்கலயேங்க" என்று மனைவி அழுதாள். எனக்கும் ஆத்திரம். பணம் கொடுத்துவிட்டு மனம் கசந்துவிட்டார், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். 'கடன் அன்பை முறிக்கும்' என்று பெட்டிக்கடைகளில் எழுதி மாட்டியிருப்பதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

அகவிலைப்படி பாக்கி மொத்தமாக வந்த அன்று, எட்டாயிரத்தையும் அவர் மேஜை மேல் வைத்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை. அவரும் எண்ணிப் பார்க்கவில்லை. "சரிங்க" என்று டிராயரில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி.

கதவைத் திறந்தேன். "பணம் ஏதாவது கம்மியா இருக்கா சார்?" என்றேன்.

"இல்லீங்க. சும்மாதான் வந்தேன். பாப்பா சௌக்கியமா?"

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டேவிட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வந்து நின்னா கேக்குற மாதிரி ஆயிடும்மா. ஆபீஸ்ல வச்சு விசாரிச்சாலும் அப்படித்தான். என் மூஞ்சி அப்படிப் பழகிப்போச்சு. அதான் வாயத் தொறக்கல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரையே சௌக்கியம் கேட்டுக் கடனை வாங்கிய மனிதர், எனக்காகப் பத்து மாதம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் அடக்கிக்கொண்டு சுற்றுவழியில் போயிருக்கிறார்.

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். சுற்றியிருந்த செய்தித்தாள் பழுப்பேறியிருந்தது. உள்ளே ஒரு மஞ்சள் சட்டை. பிறந்த குழந்தைக்கு எடுத்தது. எங்கள் மகளுக்கு அது முழங்கையைத் தாண்டி ஏறவில்லை. மனைவி அதைக் குழந்தையின் மார்பு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் சார் இருக்கு" என்றாள்.

இரண்டு தோசை சாப்பிட்டு, காபி குடித்து, வீட்டில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு அவர் கிளம்பினார். சைக்கிள் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வாசலருகே வந்து நின்றார்.

"எவ்ளோ சார் பாக்கி?"

"ரொம்ப இருக்குங்க," என்றேன். "இந்த ஜென்மத்துல அடையாது."