அது கல்யாணம் இல்லை, மாப்பிள்ளை

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
31.10.1999

அன்புள்ள மாப்பிள்ளை சுவாமிநாதனுக்கு,

மச்சான் கந்தசாமி எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா வசந்தாமணியும் மூட்டு வலி நீங்கலாகச் சௌக்கியம். பொள்ளாச்சியில் நீயும் மரகதமும் மாடு கன்றுகளும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. "ஏனுங்க மச்சான், ஈ.பி.ல ரிட்டயர் ஆகி அமெரிக்கா போய் ரெண்டு ஆம்பளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சீங்களாமா? சொந்தபந்தத்துல தலை காட்ட முடியலீங்க" என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை, தலையைத் தாராளமாகக் காட்டு. நடந்தது கல்யாணமே இல்லை. பொன்னாடை போர்த்தினோம், அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

இந்தத் தொகுதி எம்.எல்.ஏ. பெயர் லியோ ஹார்ட்வெல். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர். வாரன் என்கிற இன்னொரு ஆணோடு பத்தொன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார். ஒளிவு மறைவு கிடையாது. முதல் தேர்தலிலேயே மேடையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுக் கேட்டாராம். மூன்று தடவை ஜெயித்துவிட்டார். நம்மவர்கள் குடியிருக்கிற அபார்ட்மெண்ட் வாசலில் பிள்ளைகள் ரோடு தாண்ட சிக்னல் வைக்கச் செய்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததும் அவர் புண்ணியத்தில்தான். இவ்வளவு செய்தவருக்கு ஒரு மரியாதை செய்யாவிட்டால் நாமெல்லாம் என்ன மனுஷர்கள்? இங்கத்தித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை விருந்தினராகக் கூப்பிட்டோம். விழாப் பொறுப்பு என்னுடையது. வேலைவெட்டி இல்லாதவன் நான் ஒருத்தன்தானே.

நம் வழக்கப்படி 'குடும்பத்தோடு வர வேண்டும்' என்று அழைப்பிதழில் எழுதினேன். அவருக்குப் பொன்னாடை, சம்சாரத்துக்குப் பட்டுப்புடவை, இரண்டு ரோஜா மாலை, எல்லாம் தயார். வாரன் விஷயம் ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. காரிலிருந்து இரண்டு பேரும் இறங்குகிறபோதுதான் நம் நெடுஞ்செழியன் காதைக் கடித்தான். "அப்பா, அவருக்கு வைஃப் கிடையாது. பார்ட்னர். அந்த ஹைட்டா இருக்காரே, அவர்தான்." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அக்காதான் அசரவில்லை. "கூப்பிட்ட விருந்தாளில ஒருத்தருக்கு மாலை போட்டுப்போட்டு, இன்னொருத்தர ஓரமா நிக்க வெக்கிறதாக்கும்? ரெண்டு மாலை இருக்குதல்லங்க, போடுங்க" என்று புடவையை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, என் தோளிலிருந்த பட்டுத் துண்டை உருவி வாரனுக்குப் போர்த்தச் சொல்லிவிட்டாள். நானும் போர்த்தினேன். அந்த நேரம் பார்த்து, மங்கள இசைக்கென்று நெடுஞ்செழியன் கல்யாணத்தில் போட்ட நாதசுரக் கேசட்டைத் தட்டிவிட்டிருந்தார்கள். அது ஓடி ஓடிச் சரியாகக் கெட்டிமேளத்தில் வந்து நின்றது. கெட்டிமேளம் கேட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கையில் கொடுத்திருந்த பூவையெல்லாம் மேடையைப் பார்த்து வீசிவிட்டார்கள். வாரனுடைய மாலை மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. லியோ அதை எடுத்துச் சரிசெய்தார். அந்த ஒரு நொடியை உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்துவிட்டான்.

'எம்.எல்.ஏ.வுக்கு இந்து முறைத் திருமணமா?' என்று முதல் பக்கத்தில் வந்தது மாப்பிள்ளை. இந்த ஊர்ச் சட்டத்தில் அப்படியொரு கல்யாணத்துக்கு இடமில்லை. தேர்தலுக்கு ஒரு மாதம்தான். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் படத்தை அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டார்கள். நாம் போட்ட மாலையால் ஒரு நல்ல மனுஷருடைய சீட்டு போனால் அந்தப் பாவம் நம்மைச் சும்மா விடுமா?

பத்திரிகைக்காரனை வீட்டுக்குக் கூப்பிட்டு, என் ரிட்டயர்மெண்ட் விழா ஆல்பத்தை எடுத்து வைத்தேன். நானும் எஸ்.இ. சாரும் ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு சால்வையோடு ஒரே சோபாவில் இருக்கிறோமே, அந்தப் படம். "இவர் யார்?" என்றான். என் மேலதிகாரி என்றேன். "எத்தனை வருஷமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள்?" என்றான். நான் சர்வீஸைக் கேட்கிறான் என்று நினைத்து முப்பத்தொரு வருஷம் என்று சொல்லித் தொலைத்தேன். உன் அக்கா குறுக்கே புகுந்து, "புரட்டாசில எவனாச்சும் கல்யாணம் வெப்பானா? அதுவும் ஞாயித்துக்கெழம ராகு காலத்துல?" என்று சண்டைக்கு நின்றாள். அவன் அத்தனையும் எழுதிக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் 'தமிழர்களிடையே இது சகஜம்' என்று போட்டுவிட்டான். எஸ்.இ. சார் காதுக்கு இது எட்டாமல் பார்த்துக்கொள், உனக்குப் புண்ணியமாகப் போகும்.

லியோ கட்சிக்காரர்கள், 'அது கல்யாணம் இல்லை' என்று அவர் ஒரே ஒரு வரி அறிக்கை விட்டால் தீர்ந்தது என்கிறார்கள். மனுஷர் அந்த ஒரு வரியை மட்டும் விட மாட்டேன் என்கிறார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் அவருக்குப் பதிலாக நான்தான் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "நோ மேரேஜ், ஒன்லி ரெஸ்பெக்ட்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். எனக்கு இங்கே ஓட்டுக்கூட இல்லை. நாளை மறுநாள் வாக்குப்பதிவு. ஆகவே யார் கேட்டாலும் கல்யாணம் இல்லை என்று அடித்துச் சொல்.

மரகதத்துக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
கந்தசாமி

பின்குறிப்பு (4.11.1999): கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. லியோ தோற்றுவிட்டார். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். நேற்று நானும் உன் அக்காவும் மன்னிப்புக் கேட்கப் போனோம். ஹாலில் அந்தப் பத்திரிகைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். "மிஸ்டர் கந்தசாமி, இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து யாரும் ஒரு பூப் போட்டதில்லை, என்னைப் பெற்றவள் உள்பட. அதை இல்லையென்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? நீங்களும் இனிமேல் சொல்லாதீர்கள்" என்றார் லியோ. உன் அக்கா வாரன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, "அப்ப ஞாயித்துக்கெழம இவங்களுக்குத் தலை தீபாவளியல்லங்க? நம்மூட்டுக்குத்தான் வரோணும்" என்று சொல்லிவிட்டாள். வருகிறார்கள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கல்யாணம்தான். நான்தான் பண்ணி வைத்தேன். வாரன் இனி தன் பிள்ளை என்கிறாள் உன் அக்கா. அப்படியானால் தாய்மாமன் நீதான், சீர் உன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். தீபாவளிக்கு வந்து சேராது, பொங்கலுக்குள் அனுப்பு. இரண்டு பட்டு வேட்டி. வாரன் ஆறடி நாலு அங்குலம், அகலம் பார்த்து எடு. இல்லாவிட்டால் முழங்காலோடு நின்றுவிடும்.