சேர்வரா, டெஸ்க்டொப்பா? கண்டியில் நடந்த மாபெரும் ஒப்பீடு

பழைய சேர்வர் பிராசசர் ஒன்றையும் பழைய டெஸ்க்டொப் பிராசசர் ஒன்றையும் அருகருகே வைத்து, எது மேல், எது கீழ் என்று மனிதகுலம் ஒரே ஒருமுறைதான் தீர விசாரித்திருக்கிறது. அந்தப் பெருமை அமெரிக்காவுக்கோ யப்பானுக்கோ கிடைக்கவில்லை. கண்டி கட்டுக்கலையில், திரு. நவரட்ணராஜா அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன் ஹோலுக்குக் கிடைத்தது. ஆண்டு இரண்டாயிரத்து எட்டு. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதற்காக அறிவுப்பணியை நிறுத்திவைக்க முடியுமா?

நவரட்ணராஜா யாழ்ப்பாணத்தவர்; கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கணக்காளர். மலைநாட்டுத் தமிழ்க் கணினி முன்னேற்றக் கழகத்தின் தலைவரும் அவரே. செயலாளர் லீலாதேவி ரீச்சர். எஞ்சிய உறுப்பினர்கள் ஆண்டுவிழாவுக்கு மட்டும் வருவார்கள். ராஜலிங்கம் மட்டும் தவறாமல் வருவான். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட கணினி திருத்தும் கடையில் வேலை செய்பவன். சனி ஞாயிறுகளில் கம்பளையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்தினான். வகுப்பில் கரும்பலகை இருந்தது, உட்கார வாங்கு இருந்தது, பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். கணினிதான் இல்லை. காட்போட் மட்டையில் விசைப்பலகையை வரைந்து, அதில் விரல் பழக்கினான். டிசம்பரில் கணினித் தட்டச்சுப் பரீட்சை. சித்தியடைந்தால் டவுனில் வேலை. இல்லாவிட்டால் அம்மாவின் கொழுந்துக்கூடை காத்திருந்தது.

இந்த நிலையில், இழுத்து மூடப்பட்ட ஒரு கம்பனி தன் பழைய கணினிகள் இரண்டைக் கழகத்துக்கு இனாமாகக் கொடுத்தது. ஒன்றுக்குள் சேர்வர் பிராசசர். மற்றதற்குள் டெஸ்க்டொப் பிராசசர்.

"ரெண்டுல எதுன்னாலும் பரவாயில்லீங்க சேர். ஒன்னு குடுத்தா நாளைக்கே பஸ்ல ஏத்திருவேன்" என்றான் ராஜலிங்கம்.

வேறு யாராவது தலைவராக இருந்திருந்தால் உடனே தூக்கிக் கொடுத்திருப்பார்கள். நாட்டை இத்தகைய அவசரக்காரர்கள்தான் கெடுத்தார்கள். நவரட்ணராஜா அப்படிப்பட்டவர் அல்லர். மேலானது கண்டியிலேயே இருக்க வேண்டும், மற்றது கம்பளைக்குப் போகலாம், ஆகவே எது மேலானது என்பதை முதலில் "விஞ்ஞானபூர்வமாக" நிறுவ வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

முதற் கூட்டத்திலேயே அவருடைய உள்ளம் சேர்வரில் ஒட்டிக்கொண்டது. அது இரவு பகல் அணையாமல் உழைப்பதற்கென்று பிறந்ததாம். நினைவகத்தில் சிறு பிழை வந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளுமாம். முப்பது வருடக் கந்தோர் வாழ்க்கையில் தன் பிழையைத் தானே திருத்திய ஒரு சீவனை அவர் கண்டதில்லை. அதில் தன்னையே கண்டு மனம் கனிந்தார்.

இரண்டாம் கூட்டத்தில் சோதனை. ஒரே தமிழ்க் கடிதத்தை இரண்டிலும் திறந்தார்கள். டெஸ்க்டொப் சட்டென்று திறந்துவிட்டது. சேர்வரோ கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் பழைய பஸ் போல இரைந்து, லீலாதேவி ரீச்சர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்த பிறகே கடிதத்தைக் காட்டியது.

"வேகமா ஓடுறவன் பியோன். ஆறுதலா நடக்கிறவன்தான் அதிகாரி" என்று நவரட்ணராஜா விளக்கினார். "இது கனபேர் ஒரே நேரத்தில வேலை செய்யிற இடத்துக்கெண்டு செய்தது. தனி ஆளை வைச்சுச் சோதிச்சது எங்கட பிழை."

ஆகவே மூன்றாம் கூட்டத்தில் கனபேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வந்தார்கள். விசைப்பலகை ஒன்றுதான் இருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

நான்காம் கூட்டத்தில்தான் தலைவர் அந்த வரலாற்று வசனத்தைச் சொன்னார். "தோட்டப் பிள்ளையளுக்கு டெஸ்க்டொப் காணும் தம்பி."

ராஜலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அதுவரை எதுவானாலும் சரி என்றிருந்தவனுக்குக் 'காணும்', அதாவது உங்களுக்கு இது போதும், என்ற சொல் உள்ளே போய்க் குத்தியது. "அப்படின்னா எங்களுக்கு சேர்வரே வேணும் சேர்" என்றான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அன்றிலிருந்து அவனும் ஒப்பீட்டில் இறங்கிவிட்டான். மின்சாரம், சூடு, காற்றாடிச் சத்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்து இருவரும் வாதாடினார்கள். சேர்வருக்கு மூளை இரண்டு என்பார் அவர். அப்படியானால் ஒன்றைக் கழற்றித் தாருங்கள் என்பான் இவன். சனி ஞாயிறு வகுப்பு நின்றுபோனது. வாதத்துக்குத் தயார் செய்ய வேண்டாமா?

ஐந்தாம் கூட்டத்தில் லீலாதேவி ரீச்சர், "ரெண்டையும் கம்பளைக்குக் குடுத்தா என்ன? இஞ்ச ஆர் பாவிக்கினம்?" என்று கேட்டார். நிகழ்ச்சிநிரலில் இல்லாத விடயம் என்று அது நிராகரிக்கப்பட்டது.

ஆறாம் கூட்டத்துக்குப் பொலிஸார் அழைக்காமலே வந்தார்கள். தமிழர் அடிக்கடி கூடுகிறார்கள், பெட்டிகளைத் திறந்து வயர் இழுக்கிறார்கள், ஏதோ இரைகிறது என்று அயலில் யாரோ அறிவித்திருந்தார்கள். ரீச்சரை விட்டுவிட்டு ஆண்கள் இருவரையும், கணினிகள் இரண்டையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்திலும் நவரட்ணராஜா ஒப்பீட்டைக் கைவிடவில்லை. தான் அரசாங்க உத்தியோகத்தர், இந்தத் தோட்டத்து ஆளோடு தன்னைச் சேர்த்துப் பார்க்கக்கூடாது என்று நல்ல சிங்களத்தில் விளக்கினார். ராஜலிங்கம் அதைவிட நல்ல சிங்களத்தில், தான் பிறந்ததே கம்பளையில், யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டதில்லை, தன்னை இந்த வடக்கத்து ஆளோடு சேர்க்கக்கூடாது என்றான்.

சார்ஜன்ட் இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்தார். இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதினார்.

"தெமள தென்னெக். கொம்பியூட்டர் தெகக்."

இரண்டு தமிழர், இரண்டு கணினி. ஆறு கூட்டங்களில் முடியாததை அந்த மேதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அன்றிரவு நவரட்ணராஜா உண்மையாகவே பயந்தார். அப்படிப் போனவர்கள் சிலர் திரும்பி வராத காலம் அது. ஒரே வாங்கில், ஒரே சோற்றுப் பார்சலை இருவரும் பிரித்துச் சாப்பிட்டார்கள். விடியும்வரை அவர் ராஜலிங்கத்தின் கையை விடவில்லை, அவனும் இழுத்துக்கொள்ளவில்லை. காலையில் ரீச்சர் ஒரு சட்டத்தரணியோடு வந்து இருவரையும் மீட்டார். கணினிகளை மட்டும் "மேலதிக விசாரணைக்காக" பொலிஸார் வைத்துக்கொண்டார்கள்.

ஏழாம் கூட்டம் வீராவேசமாகக் கூடியது. பொலிஸ் மேலதிகாரிக்குக் கண்டன மனு அனுப்பத் தலைவர் பிரேரித்தார். கைது செய்ததற்காக அல்ல. இருவரையும் ஒரே வரியில் எழுதியதற்காக.

"பிடிச்சது அவையின்ர கடமை. ஆனா ஆளுக்கொரு வரி போட்டிருக்கலாம்" என்றார் அவர்.

"அது நியாயந்தான் சேர். நானும் ஆமோதிக்கிறேன்" என்றான் ராஜலிங்கம்.

கழகத்தின் சரித்திரத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். மனுவில் கணினிகளையும் திருப்பிக் கேட்டால் என்ன என்று ரீச்சர் கேட்டார். கொள்கைப் பிரச்சினையோடு சில்லறைப் பிரச்சினையைக் கலக்கக்கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டிசம்பர் வந்தது. கம்பளைப் பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலை வாரி, திருநீறு பூசிக்கொண்டு பரீட்சைக்குப் போனார்கள். அவர்கள் முன்னால் முதன்முறையாக உண்மையான விசைப்பலகை இருந்தது. எந்த எழுத்து எங்கே என்பது கண்ணை மூடினாலும் தெரியும். மட்டையில் பழகியபடியே விரல்களை மெல்ல வைத்து எடுத்தார்கள். வேகமாகத்தான் செய்தார்கள். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை.

விசை கீழே அமுங்கும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. காட்டியிருக்க வேண்டிய பெரியவர்கள் இருவரும் அந்நேரம் கண்டியில், மனுவில் யாருடைய கையெழுத்து மேலே வரவேண்டும், யாருடையது கீழே வரவேண்டும் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.