பிரிடேட்டர் என்றால் என்ன?

ஒரு காட்டில் தண்ணீர் இருந்தது, புல் இருந்தது, பசித்த சிறுத்தையும் இருந்தது. இங்கிலீஷ் மட்டும்தான் இல்லை. இந்தக் குறையை நினைத்து நினைத்துத் தலைவர் காட்டெருமைக்குத் தொண்டையில் புல் இறங்கவில்லை.

அங்கே வடிவு என்று ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். காவல்தான் அவள் வேலை. சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், தொண்டை கிழியக் கத்துவாள். மான்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓட்டம் பிடிக்கும். இந்த வேலைக்காக ஓடைக்கரையில் ஒரு கூழாங்கல் திட்டை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. அந்தக் கற்களுக்கு நடுவில்தான் அவள் முட்டையிட்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாசிலாமணி என்ற குரங்கு, சுற்றுலா ஜீப்பில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடமிருந்து அகராதி ஒன்றைப் பிடுங்கப் பார்த்தது. இழுபறியில் புத்தகம் ஜீப்போடு போய்விட்டது. குரங்கின் கையில் ஒரு தாள் மிஞ்சியது. பி, ஆர், இ என்று தொடங்கும் சொற்கள் மட்டுமே இருந்த தாள். பக்கத்திலேயே அர்த்தமும் அச்சாகியிருந்தது. மற்ற எழுத்துகளில் சொற்களே கிடையாதா என்று ஒரு முயல் கேட்டது. இருக்கின்றன, ஆனால் நல்ல குடும்பத்தில் யாரும் அவற்றைப் பேசுவதில்லை என்று பதில் வந்தது. அந்த நிமிடம் முதல் குரங்கு, மாசிலாமணி வாத்தியார் ஆகிவிட்டார்.

மருத மரத்தடியில் வகுப்பு தொடங்கியது. வாத்தியாரின் முறை எளிமையானது. தாளிலுள்ள வரிசையில் ஏதாவது ஒரு சொல் காதில் விழுந்தால், எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அர்த்தத்தோடு ஒப்பிக்க வேண்டும். நடுவில் அசைந்தால் ஃபெயில். சொந்தக் குரலில் பேசினால் வெயிலில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கொக்குக்கு மட்டும் இந்தத் தண்டனை உறைக்கவில்லை.

வடிவின் சிநேகிதி கோமளம் என்ற புள்ளிமான்தான் வகுப்பில் முதல் மாணவி. முன்பெல்லாம் தாகமெடுத்தால் ஓடைக்குப் போவாள். இப்போது விரும்புவதைக் குறிக்கும் "பிரிஃபர்" என்ற சொல்லைச் சொல்லி, வரிசை முழுவதையும் ஒப்பித்து முடித்து, நாக்கு வறண்டபின் போனாள். காட்டெருமைக்குப் பெருமை தாங்கவில்லை. காவல் கூவலும் இனிமேல் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும், மீறினால் கூழாங்கல் திட்டு பறிபோகும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

பொரிக்காத முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வடிவு எங்கே போவாள்? அடை காத்தபடியே மனப்பாடம் செய்தாள். சிறுத்தைக்குரிய சொல் அந்த ஒரே தாளில் இருந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி.

ஒருநாள் சிறுத்தை வந்தது.

"பிரிடேட்டர்," என்றாள் வடிவு, தெளிவாக.

மான்கள் தலை நிமிர்த்தி வரிசையாக நின்று ஒரே குரலில் ஆரம்பித்தன. "பிரிகாஷன் என்றால் முன்னெச்சரிக்கை. பிரிடேட்டர் என்றால் பிற உயிரைக் கொன்று தின்னும் விலங்கு."

சிறுத்தை திகைத்துப்போய்ப் புதரோரம் நின்றது. சாப்பாடு தன்னைப் பார்த்துத் தானே வரிசையில் நிற்பதை அது பார்த்ததே இல்லை. பிறகு மெல்ல நெருங்கியது. மான்கள் அதற்குள், பிரிப்பேர் என்றால் ஆயத்தமாவது என்பதுவரை வந்திருந்தன.

"கோமளம், ஓடுடி," என்றாள் வடிவு மெதுவாக.

"சும்மா இருடி. இன்னும் ரெண்டே வார்த்தைதான் இருக்கு."

வடிவு முட்டைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சொந்தக் குரலில் கத்தினாள். மான்களின் கால்கள் வாத்தியாரிடம் படிக்காதவை. அவை ஓடின. கோமளம் மட்டும் நின்று, பிரிவென்ட் என்றால் வருமுன் தடுப்பது என்று முடித்தாள். சிறுத்தை அதுவரை பொறுத்திருந்தது.

விசாரணையில் கோமளத்துக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். ஓடிய மான்கள் எல்லாம் ஃபெயில். பிழைத்த மான்களே வடிவின் மேல் புகார் சொல்ல வரிசை கட்டின.

"எம் பொண்ணு இன்னும் ஒரு வார்த்தையில பாஸாயிருப்பா. இவ கத்தித்தான் கெடுத்துட்டா," என்று ஒரு தாய்மான் அழுதது. பொண்ணு பக்கத்திலேயே நின்று புல் மென்றுகொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கிறாயா, திட்டைக் காலி செய்கிறாயா என்றார் காட்டெருமை. வடிவு மன்னிப்புக் கேட்டாள். ஒப்பித்து முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தாள். திட்டுக்குத் திரும்பி வந்து கோமளத்துக்காக அழுதாள். அழுகை சொந்தக் குரலில் வந்துவிடக் கூடாதே என்று அலகை இறுக மூடிக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு சிறுத்தை தவறாமல் வந்தது. வடிவு ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். யாரும் நடுவில் அசையவில்லை. அந்த வருஷம் காட்டில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

பட்டமளிப்பு விழாவுக்கு வந்த மாணவர் ஒருவர்தான். சிறுத்தை. ஒரு வகுப்பைக்கூட விடாமல் வந்ததில் வரிசை முழுவதும் அதற்குத் தலைகீழ்ப் பாடமாகியிருந்தது. பொரித்த குஞ்சுகளோடு வடிவும் வந்து மரக்கிளைக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். சிறுத்தை பட்டத்தை வாங்கிக்கொண்டு, வாத்தியாரை மரியாதையாகப் பார்த்து, "பிரிகாஷன்," என்றது.

வாத்தியார் மரத்தை ஒருமுறை பார்த்தார். தாவினால் போதும். ஆனால் காட்டெருமையும் முயல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. நின்ற இடத்திலேயே நின்று ஒப்பிக்கத் தொடங்கினார்.

குஞ்சுகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தன. வடிவு அலகைத் திறக்கவில்லை. ஒப்பித்தல்தான் இன்னும் முடியவில்லையே.

நீதி: ஆபத்தைக் கண்டதும் ஓடாதீர்கள், முதலில் அதற்கு அர்த்தம் சொல்லுங்கள். ஓடுகிறவனுக்கு உயிர்தான் மிஞ்சும், சான்றிதழ் கிடைக்காது.