பாவு பத்திரமாக வெளியேறியது

வீட்டைப் பூட்டுமுன் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் வகையினர் ஆரணி பேருந்து நிலையம் வரை போய், 'மூன்றாவது முறை பார்த்தபோது கை தவறித் திறந்துவிட்டிருப்போமோ' என்று ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவார்கள். நான் இரண்டாம் வகை. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் ஒரு விடுதியின் பாதுகாப்பையும், போனால் போகிறதென்று இந்தப் பூமியின் எதிர்காலத்தையும் ஒருவர் நம்பி ஒப்படைத்தார். அந்தப் புண்ணியவான் எங்கள் முதலாளி.

அவருடைய விடுதி நெடுங்காலம் 'லாட்ஜ்' ஆக இருந்தது. பிறகு ஒருநாள் பெயர்ப்பலகைக்கு மட்டும் பெயிண்ட் அடித்து 'ரெசிடென்சி' ஆனது. (உள்ளே எதற்கும் பெயிண்ட் அடிக்கவில்லை.) பட்டுச்சேலை எடுக்க வரும் வியாபாரிகளும் கல்யாண வீட்டுக்காரர்களும்தான் அங்கே தங்குவார்கள். அப்படியிருக்க, தறி பார்க்க வெளிநாட்டுப் பயணிகளை அழைத்து வரும் ஒரு நிறுவனம், 'உங்கள் விடுதிக்குச் சர்வதேசத் தரத்தில் சுற்றுச்சூழல் நிலைத்தன்மைச் சான்றிதழ் உண்டா?' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. முதலாளி அதை அச்செடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். பிறகு, எம்.காம் படித்துவிட்டுக் குழந்தையோடு வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"ஆறு மாசம் டெம்பரவரி. அந்த சர்டிபிகேட்ட வாங்கிட்டன்னா நீதான் மேனேஜர். இன்னாம்மா சொல்ற?"

குழந்தை பிறந்த பிறகு எனக்கு வந்த முதல் வேலை அது. என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது. மாமியாரும் அதே ஆறு மாதக் கெடுவை வைத்தார். "ஆறு மாசம் நான் பாத்துக்கறேன். அதுக்குள்ள உனுக்கு வேல நெலைக்கலன்னா, உன் கொழந்த, உன் இடுப்பு." ஆக, ஒரு காகிதத்தில்தான் என் வேலை, என் சம்பளம், பகல் நேரத்தில் பெரியவர்களோடு பேசும் என் உரிமை எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன.

நாற்பது பக்க விதிமுறைகளை ராத்திரியும் பகலும் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு வியப்பு. உலகம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கும் பலவற்றை எங்கள் முதலாளி தொடக்க நாளிலிருந்தே கடைப்பிடித்து வந்திருக்கிறார். விருந்தினர் கேட்டால் மட்டுமே துண்டை மாற்றவேண்டும் என்றது விதி. நாங்கள் கேட்டாலும் மாற்றமாட்டோம். குளியலறையில் நீர் குறைவாக வரும் குழாய்கள் வேண்டும் என்றது. எங்கள் குழாய்களில் சிலவற்றில் நீரே வராது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக்கூடாதாம். ஆள் இருக்கும் அறையிலேயே முதலாளி வெளியிலிருந்து அணைத்துவிடுவார். இத்தனை காலம் இதையெல்லாம் கஞ்சத்தனம் என்று ஊரார் திட்டியிருக்கிறார்கள், பாவம், சுற்றுச்சூழல் அறிவில்லாதவர்கள்.

நான் செய்தது மூன்று நிறக் குப்பைத்தொட்டிகள் வாங்கியதும், எல்லாச் சுவரிலும் அட்டை ஒட்டியதும்தான். தீ விபத்துத் திட்டம் ஒன்றும் எழுதினேன். மணி அடித்தால் அறைகளைச் சுத்தம் செய்யும் மல்லிகா அக்கா உரக்கக் குரல் கொடுத்து எல்லோரையும் கூப்பிடவேண்டும். நான் அறைகளைச் சரிபார்த்துக் கடைசி ஆளாக வரவேண்டும். எல்லோரும் வெளியே பூவரச மரத்தடியில் கூடவேண்டும். மரத்தில் 'கூடுமிடம்' என்று பச்சைப் பலகையும் மாட்டினேன். எழுத்து நேராக இருக்கிறதா என்று நான்கு முறை இறங்கிப் பார்த்தேன்.

ஆய்வுக்குச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்த நாள் காலையில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, மாமியாருக்குப் பெரணமல்லூரில் ஒரு வளைகாப்பு. "மறந்தே பூட்டேன்டி" என்று பட்டுச்சேலையோடு வாசலில் நின்று சொன்னார். (பட்டுச்சேலை கட்ட மறக்கவில்லை.) வேறு வழியில்லாமல் யாழினியை விடுதிக்குத் தூக்கிப் போனேன். போகும்போதே ஒரு சந்தேகம் வந்தது. 'குழந்தைத் தொழிலாளர் எவரும் இல்லை' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வயதுக் குழந்தையை விடுதியில் பார்த்தால் தொழிலாளர் என்று நினைத்துவிடுவார்களா? நினைக்கமாட்டார்கள் என்று அறிவு சொன்னது. என் அறிவை நான் எப்போது நம்பியிருக்கிறேன்? தாழ்வாரத்தின் கடைசியிலிருந்த படுக்கைவிரிப்பு அறையில் தூளி கட்டி அவளைத் தூங்கவைத்தேன். மல்லிகா அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாவது, மழை.

மழைக்கும் எங்கள் விடுதிக்கும் ஒரு பழைய ஒப்பந்தம் உண்டு. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றுமுன் தெருவில் அறுபது அடி நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். காயுமுன் தொய்ந்தால் இழைகள் ஒட்டிச் சிக்காகிவிடும். நனைந்தால் கதையே முடிந்தது. மழைநாளில் அறுபது அடிக்குக் கூரையுள்ள இடம் எங்கே கிடைக்கும்? எங்கள் கீழ்த்தளத் தாழ்வாரத்தில்தான். முன்வாசலிலிருந்து கடைசிவரை ஒரே நேர்கோடு. முதலாளியும் நெசவுக்காரக் குடும்பம், அதனால் மறுக்கமாட்டார்.

மல்லிகா அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன் முள்ளிப்பட்டிலிருந்து பாவோடு வந்து நின்றார்.

"அண்ணே, இன்னிக்கி மட்டும் வேணாண்ணே. ஆடிட்டர் வராங்க."

"மழைய நானா கூப்ட்டேன்? முகூர்த்தச் சேலம்மா இது. இன்னிக்கி பாவு காயலன்னா, பொண்ணு துண்டு கட்டிகினுதான் மணையில குந்தணும்."

"அதுவும் நம்ம துண்டு. அதையும் மாத்த மாட்டோம்" என்று மல்லிகா அக்கா எடுத்துக்கொடுத்தார்.

நான் இல்லை என்று சொல்வதற்குள் மூங்கில் கால்களை நிறுத்தி, பாவை விரித்து, கஞ்சியும் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். நான்கடி அகலத்துக்குத் தாழ்வாரம் முழுக்க அரக்குச் சிவப்பில் பட்டு மின்னியது. சுவரோரம் ஒட்டி நடக்க ஒரு சாண் வழி மிச்சம்.

அப்போது ஆடிட்டர் மேடம் வந்தார். கையில் மடிக்கணினி, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எதையும் வெளிக்காட்டாத ஒரு பொதுவான புன்னகை. பாவைப் பார்த்ததும் அந்தப் புன்னகை நின்றது.

"இது என்னங்க?"

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை எனக்குச் சமயோசிதம் வந்தது. அதுவும் இப்படித் தப்பான நேரத்திலா வரவேண்டும்?

"இருபத்திரண்டாம் பக்கம் மேடம். உள்ளூர்ச் சமூகத்துக்கு ஆதரவு. உள்ளூர்க் கலையை விருந்தினருக்கு நேரில் காட்டுதல்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கே!" என்று குறித்துக்கொண்டார், படமும் எடுத்தார். ஏழுமலை அண்ணன் கஞ்சித் தூரிகையோடு நின்று படத்துக்குச் சிரித்தார். எனக்கு மேனேஜர் நாற்காலியின் சக்கரச் சத்தமே காதில் கேட்டுவிட்டது.

பிறகு மேடம் தாழ்வாரத்தை மறுபடி பார்த்தார். "ஆனா, இதுதானே உங்க அவசர வழி? இப்ப தீ பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"எங்ககிட்ட திட்டம் இருக்கு மேடம்."

"சரி, பார்ப்போம்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

மணி அலறியது. மல்லிகா அக்கா திட்டப்படி, அட்சரம் பிசகாமல், உரக்கக் குரல் கொடுத்தார்: "ஓடியாங்க, ஓடியாங்க, ஜல்தி ஓடியாங்க!"

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நெசவாளர் தெருவில் பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு குரல் கேட்டால் ஒன்றுதான் தெரியும். தெருவில் பாவு கிடக்கிறது, தூறல் விழுந்துவிட்டது. உடனே அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு, குளித்துக்கொண்டிருந்தால் ஈரத் தலையோடு, சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் பங்காளியும் சேர்ந்து ஓடிவந்து பாவைத் தூக்கவேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கிற வேலை மூளைக்குக் கிடையாது. கால் ஓடும், கை தூக்கும்.

என் கால் ஓடியது, கை தூக்கியது.

முன்பக்க மூங்கிலில் நான். எனக்கு எதிரே வரவேற்பறையிலிருந்து பாய்ந்து வந்த முதலாளி. நடுவில் ஏழுமலை அண்ணனும் மல்லிகா அக்காவும். அறைக்கதவுகள் திறந்தன. சேலை எடுக்க வந்திருந்த வியாபாரிகள் நான்கைந்து பேர், ஒருவர் முகத்தில் பாதி சவரம் செய்த நுரையோடு, பட்டின் அருமை தெரிந்தவர்களாகையால் ஒரு வார்த்தை கேட்காமல் ஆளுக்கு ஒரு மூங்கிலைப் பிடித்தார்கள்.

"தொய்ய விடாத! இழுத்துப் புடி!"

"சார், உங்க நுரை! பட்டுல படப்போவுது, மூஞ்ச திருப்பிக்கோங்க!"

அறுபது அடிப் பாவு ஒரு சுருக்கமில்லாமல், ஊர்வலம்போல நகர்ந்தது. வாசல் முகப்பு வந்தது. அதற்கு மேல் மழை. நின்றுவிட்டோம். முன்பக்கத்தில் இருந்த நாங்கள் தீயிலிருந்து தப்பித்துவிட்டோம். பின்பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் எரியும் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு, "இன்னா நின்னுட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"மழை பெய்யுது! நனஞ்சா போச்சு!"

"அப்ப அங்கியே நில்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல!"

பூவரச மரத்தடியில், பச்சைப் பலகைக்குக் கீழே, ஆடிட்டர் மேடம் குடை பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கக் கதவு வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். மழைத் திரையில் அவர் ஏதோ மூட்டையைத் தோளில் சாய்த்திருப்பது மட்டும் தெரிந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று கத்திக் கேட்டார்.

நான் திரும்பிப் பாவை ஒருமுறை முழுக்கப் பார்த்தேன். பிறகு, கடமையைச் சரியாகச் செய்த பெருமிதத்தோடு, இன்றைக்கும் நினைத்தால் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றவைக்கும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"வந்தாச்சு மேடம்! ஒரு இழைகூட அறுந்து போகல!"

மேடம் குடையைச் சற்று உயர்த்தினார். "அப்ப இந்தக் குழந்தை யாருது?"

அவர் தோளில் யாழினி. அடையாள அட்டையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, யாரோ தூரத்து உறவினரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சொன்னாள்: "அம்மா... நூலு."

மூங்கிலை எப்போது விட்டேன் என்று தெரியாது. (நுரைக்கார வியாபாரி பாய்ந்து பிடித்தாராம்.) மழையில் ஓடிப்போய் அவளை வாங்கி இறுக்கிக்கொண்டேன். பொய்த் தீதான், தெரியும். ஆனால் மணி அடித்த நொடியில் அது பொய் என்று என் கால்களுக்குத் தெரியாது. மூன்று முறை கேஸைப் பார்க்கிறவள் ஒருமுறைகூடத் தூளியைப் பார்க்கவில்லை. மல்லிகா அக்கா பின்னாலேயே ஓடிவந்து, "நீ எடுத்துகினு வந்துட்டன்னு நெனச்சேன் கோமதி" என்று அழுதார். நான் எதையுமே நினைக்கவில்லை.

மேடம் அன்று மாலை அறிக்கையைப் படித்துக் காட்டினார். துண்டு, தண்ணீர், மின்சாரம் மூன்றிலும் மிகச் சிறப்பு. ஒத்திகை தோல்வி. 'ஊழியர்களுக்கும் விருந்தினருக்கும் இடையே இத்தகைய ஒருங்கிணைப்பை வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் மனிதர்களை வெளியேற்றுவதற்கும் அதைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறோம்' என்று எழுதியிருந்தார். திருத்திக்கொள்ளத் தொண்ணூறு நாள் அவகாசம்.

நான் ராஜினாமாக் கடிதம் எழுதி, பிழை திருத்தி, முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் அறிக்கையை என் பக்கம் தள்ளினார்.

"நீ பூட்டா இந்தப் பேஜார யாரு படிக்கறது? உக்காந்து திருத்தும்மா."

உட்கார்ந்து திருத்தினேன். அவசரத்தில் வெளியேறவேண்டிய வரிசை: ஒன்று, குழந்தைகள். இரண்டு, விருந்தினர். மூன்று, ஊழியர். நான்காவதாகப் பாவைச் சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முதலாளி அடம்பிடித்ததால் அதுவும் இருக்கிறது. தொண்ணூறு நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது.

ஆய்வு நடந்த அன்றிரவே வீட்டில் மாமியாரிடம் நடந்ததைச் சொன்னபோது, முதலாளி மன்னித்தாலும் இவர் மன்னிக்கமாட்டார், இனி என் இடுப்புத்தான் என்று முடிவு செய்திருந்தேன். அவர் வளைகாப்பு வளையல்களைக் கழற்றியபடி முழுதும் கேட்டார்.

"இனிமே உன்ன நம்பி கொழந்தய உடறதுக்கில்ல. அது காலேஜ் போறவரைக்கும் நானே பாத்துக்கறேன். நீ போ, வேலைக்கே போ."

எந்தக் கெஞ்சலுக்கும் இறங்காத மாமியாரை என் மானம் போன சம்பவம் இறக்கியது. அன்றிலிருந்து குக்கர் கொஞ்சம் பலமாக விசிலடித்தாலும் என் கணவர் எழுந்து நின்று, "ஏய் கோமதி, புடவய எல்லாம் வெளிய எடுத்துட்ட இல்ல? நாங்க மெதுவா வரோம்" என்பார்.

போன மாதம் யாழினியின் பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். இப்போது அவள் யுகேஜி. வகுப்பில் தீப் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். 'வீட்டில் தீ பிடித்தால் யாரைக் கூப்பிடுவாய்?' என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டார்களாம். எல்லாக் குழந்தைகளும் அம்மாவை என்று சொல்லியிருக்கின்றன.

"உங்க பொண்ணு மட்டும் ஆடிட்டர் ஆன்ட்டின்னு சொல்றா. ஏன்னு கேட்டா, 'அம்மாவுக்கு அப்ப வேற வேலை இருக்கும் மிஸ்'னு சொல்றா" என்றார் ஆசிரியை. "வீட்ல ஏதாவது பிரச்சினையா மேடம்?"